கழுவேலித் தண்ணீரில் யாருக்குப் பாத்தியம்?

அனுமந்தையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே இறங்கினால் முதலில் வருவது மணல் நிலம். சவுக்குத் தோப்பு, மல்லாட்டைக் கொல்லை, பட்டம் பார்த்துப் போட்ட தர்பூசணி. இன்னும் மேற்கே நடந்தால் நிலம் தாழ்ந்து, நிறம் கறுத்து, உவர் தட்டும். அதற்கு அப்பால் பருவத்தைப் பொறுத்துத் தண்ணீர் அல்லது சேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பார்த்தால் இன்னொரு கடல் மாதிரி இருக்கும். வைகாசியில் பார்த்தால் பாளம் பாளமாக வெடித்த தரை. இதுதான் கழுவேலி. கழுவெளி என்றும் சொல்லுவார்கள். மேற்கே உள்ள ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் இங்கே வந்து சேருகிறது. வடகிழக்கே மரக்காணத்து முகத்துவாரத்தின் வழியாகக் கடல் தண்ணீர் ஏறுகிறது. நன்னீரும் உவர்நீரும் கலக்கிற இடமாகையால் இறாலும் நண்டும் கெண்டையும் இங்கே விளைகின்றன. பறவைகளும் வருகின்றன.

2021 டிசம்பரில் தமிழக அரசு இந்தக் கழுவேலியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. வானூர், மரக்காணம் ஆகிய இரண்டு வட்டங்களில் 5,151 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். ஏக்கரில் சொன்னால் சுமார் 12,700.

பறவைக்கு இடம் ஒதுக்கியது நல்ல காரியம்தான். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் இடத்துக்குப் புதிய சட்டம் வரும்போது, அதற்கு முன்பே அந்த இடத்தை நம்பிப் பிழைத்தவர்கள் யார் யார், அவர்களுடைய பாத்தியம் என்ன என்று கணக்கெடுத்து எழுதிவைக்க வேண்டும். எழுதப்பட்டவருக்கு உரிமை நிற்கும். எழுதப்படாதவர் மறுநாள் முதல் அத்துமீறி நுழைந்தவர் ஆகிவிடுவார். பி மெமோ வாங்கிப் பழகிய நம் குடியானவர்களுக்கு இந்த வித்தியாசத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இந்த வட்டாரத்தில் அப்படி எழுதப்படாமல் போகக் கூடியவர்கள் முதலில் இருளர்கள்.

அடங்கலில் இல்லாதவர்கள்

இருளரைத் தெரியாத விவசாயி இந்தப் பக்கத்தில் கிடையாது. நெல் கதிர் பிடிக்கும் சமயத்தில் எலி வெட்டு அதிகமானால் அவர்களுக்குத்தான் ஆள் அனுப்புகிறோம். வரப்பில் நடந்துகொண்டே எது ஆள் இருக்கும் வளை, எது வெறும் வளை என்று சொல்லிவிடுவார்கள். பானையில் வைக்கோலைப் போட்டு நெருப்பு மூட்டி, வாயால் ஊதி வளைக்குள் புகையை ஏற்றுவார்கள். எலி சேர்த்து வைத்த நெல்லும் அவர்களுக்கு, எலியும் அவர்களுக்கு. அநேக இடங்களில் கூலி அவ்வளவுதான். ஒரு மூட்டை மருந்தும் தெளிக்காமல் நம் நெல் காப்பாற்றப்படுகிறது. புகையை ஊதி ஊதி அவர்கள் நெஞ்சு கெட்டுப் போவதை நாம் கணக்கில் வைப்பதில்லை.

சவுக்கு வெட்டு, செங்கல் சூளை, உப்பளம் என்று கிடைத்த வேலைக்குப் போகிறார்கள். வேலை இல்லாத நாளில் தண்ணீருக்குப் போவார்கள். வலையும் படகும் இல்லாமல், இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பது பழவேற்காடு முதல் இந்தக் கழிமுகங்கள் வரை இருளப் பெண்களின் பழைய தொழில். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலைப் பறி. இந்தத் தொழிலுக்கு முதலீடு கை ஒன்றுதான். தண்ணீருக்குள் போகக் கூடாது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அன்றைக்கே தொழில் போயிற்று.

தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று மத்திய அரசு வகைப்படுத்திய ஆறு இனங்களில் இருளர் ஒன்று. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் மற்ற ஐவர். மலையில் இருப்பவர்களே பழங்குடி என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பதால், நம் சமவெளியில் நம் வரப்பில் நிற்கிற இருளரைப் பழங்குடி என்று அதிகாரிகளே சில சமயம் ஏற்பதில்லை. இவர்கள் பெயரில் நிலம் இருப்பது அபூர்வம். குடிசை போட்டிருப்பது ஏரிக்கரையிலோ ஓடைப் புறம்போக்கிலோ இருக்கும். கிராமக் கணக்கில் சர்வே எண்ணைத் தேடினால் அங்கே மனிதர்கள் இருப்பதாகவே தெரியாது.

ஒப்பந்தம் செய்த தேசத்துக் கதை

பூர்வகுடிகளோடு சர்க்கார் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் எழுதிக்கொண்ட தேசங்கள் உண்டு. நியூசிலாந்தில் 1840 பிப்ரவரி 6 அன்று வைதாங்கி என்ற இடத்தில் மாவோரி மக்களின் தலைவர்களும் பிரிட்டிஷ் ராணியின் பிரதிநிதியும் ஒரு பத்திரத்தில் ஒப்பமிட்டார்கள். பிறகு வேறு பல ஊர்களிலும் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினார்கள். மொத்தம் 500 தலைவர்களுக்கு மேல். வில்லங்கம் எங்கே வந்தது என்றால், பத்திரம் இரண்டு பாஷையில் இருந்தது. இங்கிலீஷில், ஆட்சி அதிகாரம் முழுவதையும் ராணிக்கு விட்டுக்கொடுத்ததாக இருந்தது. மாவோரி மொழியில், நிர்வாகம் செய்ய மட்டும் சம்மதித்ததாகவும், தங்கள் நிலத்துக்கும் ஊருக்கும் தாங்களே தலைவர்கள் என்றும் இருந்தது. அவர்களில் அநேகர் ஒப்பமிட்டது மாவோரிப் பிரதியில். நம்மூரில் கடன் பத்திரத்தை ஒருவிதமாகப் படித்துக் காட்டி இன்னொருவிதமாக எழுதி வாங்கிய கதைகள் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நிலம் பெரும்பாலும் கைமாறிப் போன பின், 1975இல் ஒரு விசாரணை மன்றம் அமைத்தார்கள். 1840 வரை பின்னோக்கிப் போய் விசாரிக்கும் அதிகாரம் 1985இல்தான் அதற்கு வந்தது. நமக்கு இங்கே முக்கியம் மீன் வழக்கு. 1986இல் அந்த அரசு கடல் மீனைப் பங்கு போட்டு, இன்னாருக்கு இவ்வளவு என்று ஒதுக்கியது. ஏற்கெனவே வியாபாரமாக மீன் பிடித்தவர்களுக்கு ஒதுக்கீடு கிடைத்தது. காலங்காலமாகக் கரையோரத்தில் பிடித்துச் சாப்பிட்ட மாவோரி மக்கள் கணக்கில் வரவில்லை. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். பேச்சு நடந்தது. 1992இல் முடிவான உடன்பாட்டின்படி ஒரு பெரிய மீன் கம்பெனியில் பாதிப் பங்கும், புதிதாக ஒதுக்கீட்டுக்குள் வரும் மீன் இனங்களில் நூற்றுக்கு 20 பங்கும் மாவோரிகளுக்குக் கிடைத்தன. பழைய பத்திரம் கையில் இருந்ததால்தான் பேசவே முடிந்தது.

கனடாவில் நிஸ்கா என்ற மக்கள் 1887இல் தங்கள் நிலத்தைப் பற்றிப் பேச மாகாணத் தலைநகருக்குப் படகேறிப் போனார்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவர்களுடைய ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 2000ஆம் ஆண்டு.

நம் நாட்டில் இப்படிப்பட்ட ஒப்பந்த முறை இல்லை. பிர்சா முண்டாவின் கிளர்ச்சிக்குப் பிறகு 1908இல் சோட்டாநாகபுரியில் பழங்குடி நிலத்தை வெளியார் வாங்க முடியாதபடி வந்தது போன்ற சட்டங்கள்தான் உண்டு. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் சேர்த்த பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த அட்டவணைப் பகுதி ஓர் ஊர்கூடக் கிடையாது. ஆகவே இங்கே பழங்குடிக்கு மிஞ்சுவது பொதுச் சட்டங்களின் பிரிவுகள். தெரிந்தவர் பயன்படுத்துவார், தெரியாதவர் விட்டுவிடுவார்.

பாம்பு பிடித்தவர்களின் அனுபவம்

இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வடநெம்மேலி. அங்கே நடந்ததும் ஒருவகை உடன்பாடுதான். செங்கற்பட்டு வட்டார இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்கு விற்றுப் பிழைத்தார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து தோல் வியாபாரம் நின்றது. ஒரே வீச்சில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிழைப்பு இல்லை. பாம்புகளை ஆராய்ந்த ராமுலஸ் விட்டேகர் முதலியோரின் முயற்சியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு உரிமத்தோடு பிடிக்கலாம். விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்பை மறுபடி வெளியில் விட்டுவிட வேண்டும். வயலில் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற விவசாயிக்குப் போடுகிற மருந்துக்கு மூலப் பொருள் இப்படித்தான் வருகிறது. அந்தத் தொழிலில் கைதேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பாம்பும் பிழைத்தது, பிடித்தவரும் பிழைத்தார். கழுவேலியில் பறவையும் இறாலும் இருளரும் சேர்ந்து பிழைக்க ஏற்பாடு செய்ய முடியாது என்று யாராவது சொன்னால், வடநெம்மேலிக்கு ஒரு நடை போய்வரச் சொல்ல வேண்டும்.

2006ஆம் வருடச் சட்டம்

பழங்குடிகளும் வனத்தைச் சார்ந்து வாழும் மற்றவர்களும் தங்கள் உரிமையைப் பதிவு செய்து கொள்ள 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2008 ஜனவரியில் அதன் விதிகள் வந்தன. தமிழ்நாட்டில் அதே வருடம் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் கொடுப்பது தடைபட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. எட்டு வருடம் வீணாயிற்று. மலை மாவட்டங்களிலேயே வேலை தாமதமாகத்தான் நடக்கிறது. கடற்கரை மாவட்டத்தில் இப்படி ஒரு சட்டம் உண்டு என்ற பேச்சே குறைவு.

பலர் நினைப்பது போல இது மரம் அடர்ந்த காட்டுக்கு மட்டும் உள்ள சட்டம் அல்ல. வனநிலம் என்றால் என்ன என்று சொல்லும் பிரிவில் ஒதுக்குக் காடுகளோடு சரணாலயங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே கழுவேலியும் அதில் வரும். மூன்றாவது பிரிவில், நீர்நிலைகளின் மீன் முதலிய பொருள்களை எடுத்துக்கொள்வதும், கால்நடை மேய்ப்பதும் சமூக உரிமைகள் என்று எழுதியிருக்கிறது. சரணாலயத்துக்குள் குடியிருக்க வேண்டும் என்பதில்லை. பிழைப்புக்கு அதை நம்பியிருந்தால் போதும் என்று மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 2008லேயே விளக்கம் கொடுத்திருக்கிறது. விசாரித்து முடியும் வரை, அனுபவத்தில் இருப்பவரை வெளியேற்றக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேட்டைக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. பறவைக்குக் கண்ணி வைப்பதும் விஷம் வைப்பதும் யார் செய்தாலும் குற்றம்தான். உரிமை பெற்றவர்களுக்கே பறவையையும் தண்ணீரையும் காக்கும் பொறுப்பையும் சட்டம் கொடுத்திருக்கிறது.

கோரிக்கை தொடங்குவது கலெக்டர் ஆபீசில் அல்ல, கிராம சபையில். சபை கூடி வன உரிமைக் குழு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அதில் 10 முதல் 15 பேர். பழங்குடிகள் மூன்றில் இரண்டு பங்கும், பெண்கள் மூன்றில் ஒரு பங்கும் குறையாமல் இருக்க வேண்டும். சாகுபடி அல்லது குடியிருப்பு நிலத்துக்கு ‘ஏ’ படிவம். மீன், மேய்ச்சல் போன்ற சமூக உரிமைக்கு ‘பி’ படிவம். குழு நேரில் பார்த்து விசாரித்த பின், சபை தீர்மானம் போட்டு ஆர்.டி.ஓ. தலைமையிலான கோட்டக் குழுவுக்கு அனுப்பும். கடைசி முடிவு கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுடையது. கோரிக்கை மறுக்கப்பட்டால் 60 நாளுக்குள் மேல் குழுவுக்கு மனுச் செய்யலாம். மறுத்ததைச் சும்மா விட்டுவிடக் கூடாது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி, அந்த மாதமே அதை நிறுத்தி வைத்தது. நிராகரிப்பு என்ற ஒரு வார்த்தைக்கு எவ்வளவு பலம் என்று அப்போது தெரிந்தது.

முதல் தடை ஜாதிச் சான்று. பழங்குடி என்றால் 13-12-2005க்கு முன்பிருந்தே அந்த இடத்தை நம்பி வாழ்ந்திருந்தால் போதும். மற்றவர்களானால் அந்தத் தேதிக்கு முன் 75 வருடம், மூன்று தலைமுறை என்று காட்ட வேண்டும். அதாவது 1930, உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வருடத்திலிருந்து. இருளர் ஒருவரிடம் பழங்குடிச் சான்று இல்லாவிட்டால் அவரையும் ‘மற்றவர்’ என்று தள்ளி 75 வருடக் கணக்குக் கேட்கலாம். தகப்பனார் பெயரில் துண்டுக் காகிதம்கூட இல்லாதவர் எங்கே போவார்? தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்று தருகிறவர் தாசில்தார் அல்ல, ஆர்.டி.ஓ. நாள் கூலியை விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கு எத்தனை நடை நடக்க முடியும்? பேராசிரியர் பிரபா கல்விமணியின் முயற்சியில் 1990களில் திண்டிவனத்தில் அமைந்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், இந்தச் சான்றுக்காகவும் வீட்டுமனைப் பட்டாவுக்காகவும் பல வருடங்களாகப் போராடுகிறது.

வீட்டுமனை என்பது வேறு விஷயம், இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ரெவின்யூ இலாகாவின் காரியம். ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கில் இருக்கிற குடிசைக்கு அந்த இடத்திலேயே பட்டா எதிர்பார்த்துக் காத்திருப்பதைவிட, மாற்று மனை கேட்டு மனுக் கொடுப்பதே பலன் தரும்.

பட்டாதாரர் பயப்பட வேண்டுமா?

இவ்வளவும் படித்த பிறகு நம் விவசாயிகளுக்கு ஒரு சந்தேகம் வரலாம். இருளருக்கு உரிமை என்று எழுதினால் என் காணி போய்விடுமா? போகாது. உங்கள் பட்டா நிலத்தை இந்தச் சட்டம் தொடுவதில்லை. வனநிலத்தில் தனி ஆளுக்குக் கிடைப்பதுகூட, 2005க்கு முன்பிருந்து அவர் உண்மையில் அனுபவித்து வந்த அளவுதான். உச்ச வரம்பு 4 ஹெக்டேர், கிட்டத்தட்ட 10 ஏக்கர். கணவன், மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் வரும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. பணக்காரர் யாரும் வாங்கி மடக்கிப் போட முடியாது என்பது பக்கத்து நிலத்துக்காரருக்கும் நிம்மதிதான்.

கழுவேலி ஓரத்தில் மாடு மேய்க்கிற சிறு விவசாயிக்கு இதில் தன் காரியமும் இருக்கிறது. 75 வருடக் கணக்கைக் காட்ட முடிந்தால் மேய்ச்சலுக்கு அவரும் கேட்கலாம். இருளர் கோரிக்கையோடு சேர்ந்து கேட்பதே புத்திசாலித்தனம். சபையின் குரல் ஒன்றாக இருந்தால், கழிவுநீர் விடுகிறவரையும் கரையை வெட்டிக் குட்டை போடுகிறவரையும் கேள்வி கேட்க முடியும். இறால் பண்ணைகள் வந்த காலத்தில் கிணறு உப்பானதை இந்தக் கடற்கரை மறந்திருக்காது.

ஆனால் கிராம சபையில் இருளர் வந்து உட்கார வேண்டுமே. வயதில் தகப்பனார் மாதிரி இருப்பவரையும் ‘ஏய், வாடா’ என்று கூப்பிடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. வயல் வரப்பில் அப்படிக் கூப்பிட்டுவிட்டு, சபையில் எழுந்து நின்று பேசு என்றால் அவர் எப்படிப் பேசுவார்? சட்டப்படி இந்தக் கோரிக்கைகளை முடிவு செய்யும் கூட்டத்தில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். குடியானவர் வீட்டுப் பெண்களும் வராமல் அந்தக் கணக்கு நிரம்பாது.

இன்னொன்று. ஆதாரம் ஒன்றுக்கு மேல் வேண்டும் என்று விதி. வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, பழைய சர்வே வரைபடம், சுடுகாடு, குலதெய்வக் கோயில், பரம்பரையாக மீன் பிடித்த இடம் எல்லாம் ஆதாரமாகும். காகிதமே இல்லாதவர்களுக்கு என்றே ஒரு வகை வைத்திருக்கிறார்கள். ஊரில் மூத்தவர் ஒருவர் சொல்லி எழுதிய வாக்குமூலம் அது. அவர் உரிமை கோருகிறவராக இருக்கக் கூடாது, வேறு ஆளாக இருக்க வேண்டும். அனுமந்தைப் பக்கத்தில் 80 வயதைக் கடந்த குடியானவர்கள் இருக்கிறார்கள். சிறுவயதில் மாடு ஓட்டிக்கொண்டு கழுவேலிக்குப் போனவர்கள். கரையில் எந்தத் திட்டில் இருளர் குடிசை இருந்தது, எந்த மடையில் பெண்கள் பறியோடு இறங்கினார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதை ஒரு தாளில் எழுதிப் படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக் கிராம சபைச் செயலரிடம் கொடுத்தால் அது சட்டப்படி செல்லும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் சபை கூடுகிறது. வீட்டில் பெரியவர் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்பே அவரைக் கேட்டு எழுதி வைக்கலாம்.